வினைச்சொல்லுக்கு வேலை கொடுப்போம்!

(ஜொகூரில் தொலைக்காட்சிக் கருத்துக்கள நிகழ்ச்சி ஒன்றில், அறிவிப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம் இது.)



எழுத்துக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்று பேசும்படி கேட்டிருக்கிறார்கள். கற்பனை, உவமை, அழகான வருணனை என்று பலரும் பல பதில் சொல்வார்கள். நான் தினமும் செய்தியோடு மல்லுக்கட்டுகிறவன். என் பதில் ஒன்றுதான். அது வினைச்சொல்.

முதலில் ஓர் அறிவிப்பைக் கேளுங்கள். “கனமழையின் காரணமாக ஆற்றோரப் பகுதிகளில் நீர்மட்ட உயர்வு காணப்படுவதால் பாதுகாப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட வேண்டிய நிலை ஏற்பட்டுள்ளது.”

இதைக் கேட்கிற பாட்டி என்ன செய்வார்? ஒன்றும் செய்ய மாட்டார். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் படுத்துவிடுவார். இப்போது அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள். “ஆறு கரையைத் தாண்டிவிட்டது. தண்ணீர் சாலையை மூடிவிட்டது. இருட்டுவதற்குள் வீட்டுக்குள் நுழைந்துவிடும். உடனே கிளம்புங்கள்.” பாட்டி எழுந்து அடையாளக் கார்டைத் தேடுவார், மருந்துப் பையை எடுப்பார், பேரனைக் கூப்பிடுவார்.

இரண்டு அறிவிப்பிலும் தகவல் ஒன்றுதான். முதலாவதில் காணப்படுவது, மேற்கொள்ளப்படுவது, ஏற்பட்டுள்ளது என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. மூன்றுமே வினை என்று பெயர் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவை. இரண்டாவதில் தாண்டியது, மூடியது, நுழையும், கிளம்புங்கள். ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் செய்கிறது.

ஜொகூர் மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கோத்தா திங்கி பட்டணம் சில வார இடைவெளியில் இரண்டு முறை மூழ்கியது. 2023 மார்ச் மாதம் பத்து பகாட் வட்டாரத்தில் புகுந்த தண்ணீர் வடிவதற்கு வாரக்கணக்கில் ஆனது. அப்படிப்பட்ட இரவுகளில் செய்தியில் வரும் ஒரு வினைச்சொல் ஒரு குடும்பத்தை எழுப்பவும் முடியும், தூங்க வைக்கவும் முடியும்.

வெள்ளத்துக்கு மட்டும் தமிழில் எத்தனை வினைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீர் பெருகும், பொங்கும், சூழும், புகும், ஏறும், தேங்கும், வடியும். மண்ணை அரிக்கும், பாலத்தைப் பெயர்க்கும், வேலியைச் சாய்க்கும், சாமான்களை அடித்துக்கொண்டு போகும். தண்ணீர் ‘ஏறுகிறது’ என்றால் ஆபத்து இனிமேல்தான். ‘தேங்கி நிற்கிறது’ என்றால் காத்திருக்க வேண்டும். ‘வடிகிறது’ என்றால் வீட்டுக்குத் திரும்பும் நேரம் நெருங்குகிறது. இத்தனையையும் “வெள்ளப் பாதிப்பு காணப்படுகிறது” என்ற ஒரே வாக்கியத்தில் போட்டு மூடிவிட்டால், கேட்பவர் எதை வைத்து முடிவெடுப்பார்?

தமிழ் வினையின் பலம்

நம் மொழியில் வினைச்சொல் ஒரு சிறு பெட்டி மாதிரி. திறந்தால் உள்ளே நிறையப் பொருள் இருக்கும். ‘வந்தாள்’ என்று ஒரே ஒரு சொல் சொல்கிறோம். வருகை என்ற செயல் தெரிகிறது. அது நடந்து முடிந்துவிட்டது என்பது தெரிகிறது. வந்தது ஒருவர் என்பதும், அவர் பெண் என்பதும் தெரிகிறது. ஆங்கிலத்திலும் மலாயிலும் இவ்வளவையும் சொல்ல இரண்டு மூன்று சொற்களாவது வேண்டும். பகுதி, இடைநிலை, விகுதி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோமே, அந்தப் பகுபத உறுப்புகள் தேர்வுக்காக மட்டும் உண்டானவை அல்ல. அவைதான் தமிழ் வாக்கியத்தின் எலும்பும் நரம்பும்.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் ஒன்பது இயல்கள் உள்ளன. அதில் ஆறாவது இயல் முழுவதும் வினையைப் பற்றியதே. அது மட்டுமல்ல. முதல் இயலான கிளவியாக்கத்தில் சுவையான விதி ஒன்று இருக்கிறது. பல வகைப் பொருள்களைச் சேர்த்து ஒரு பொதுப்பெயரால் சொல்லும்போது, அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே உரிய வினையைக் கொடுத்து முடிக்கக் கூடாது என்பது அந்த விதி. உரையாசிரியர்கள் அணிகலன், இசைக்கருவி, படைக்கருவி, உணவு ஆகியவற்றை வைத்து இதை விளக்குவார்கள். முரசைக் கொட்டுவோம், குழலை ஊதுவோம். இரண்டையும் சேர்த்து ‘இசைக்கருவி’ என்று சொல்லிவிட்டு ‘ஊதினார்’ என்று முடித்தால் முரசுக்கு அந்த வினை பொருந்தாது. வேலை எறிவார்கள், அம்பை எய்வார்கள். சோற்றை உண்போம், முறுக்கைத் தின்போம்.

இந்த விதிக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கென்றே ஒரு வினை உண்டு என்று அன்றைய தமிழர்கள் நினைத்திருக்கிறார்கள். இரண்டைக் கலந்தால் பிழை என்று இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். அந்த வழியில் வந்த நாம் இன்று எல்லாவற்றுக்கும் ‘பண்ணு’ என்ற ஒரே சொல்லை மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

‘பண்ணு’வும் ‘மேற்கொள்’ளும்

நம் பேச்சைக் கொஞ்சம் கவனியுங்கள். போன் பண்ணு, பார்க் பண்ணு, செக் பண்ணு, டிரை பண்ணு. சாப்பாட்டுக் கடைக்குப் போனால் ‘தாப்பாவ் பண்ணு’. பொட்டலம் கட்டுவதற்கு ‘கட்டு’ என்று மூன்றெழுத்தில் முடிகிற சொல் கையில் இருக்கும்போதே இந்த நிலை! பேச்சில் இது கலந்துவிட்டது. நண்பர்களோடு பேசும்போது நானும் அப்படித்தான் பேசுகிறேன். அதில் பெரிய குற்றம் காண வேண்டியதில்லை. ஆனால் எழுத்தில் ‘பண்ணு’ சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ‘மேற்கொள்’, ‘நிகழ்த்து’, ‘புரி’, ‘ஏற்படுத்து’ என்று வந்து உட்கார்ந்துகொள்கிறது.

காவல் துறையினர் விசாரணை மேற்கொண்டனர். விசாரித்தனர் என்றால் போதாதா? அமைச்சர் வருகை புரிந்தார். வந்தார் என்றால் அவர் கோபித்துக்கொள்வாரா? தலைவர் உரை நிகழ்த்தினார் என்பது பேசினார். மாணவர்களுக்கு உதவி புரிந்தார் என்பது உதவினார். குழு ஆய்வு மேற்கொண்டது என்பது ஆராய்ந்தது. கூட்டத்தில் முடிவு மேற்கொள்ளப்பட்டது என்றால் முடிவெடுத்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் நடந்தது என்ன? ‘விசாரி’ என்ற நல்ல வினையைப் பிடித்து ‘விசாரணை’ என்று பெயராக்கி உட்கார வைத்துவிட்டோம். பிறகு அதைச் சுமப்பதற்கு ‘மேற்கொள்’ என்ற கூலியாளைத் தேடினோம்.

இது ஏன் நடக்கிறது என்று யோசித்தால் ஒரு காரணம் தெளிவாகத் தெரியும். நமக்கு வரும் செய்திக் குறிப்புகளில் பெரும்பாலானவை மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். மலாயில் ‘மெஞாலான்கான் சியாசாத்தான்’ என்று இருப்பதை ‘விசாரணையை நடத்தினர்’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றுகிறோம். நேரமும் இருக்காது. அரை மணி நேரத்தில் செய்தி ஒளியேற வேண்டும். ஆகவே அந்த மொழிக்குரிய கட்டு அப்படியே தமிழுக்குள் வந்து குடியேறிவிடுகிறது. மலாயில் அது இயல்பானதுதான். குறை அந்த மொழியில் இல்லை. மொழிபெயர்க்கும்போது தமிழ் வினையை ஒரு நிமிடம் தேடாமல் விட்டதுதான் குறை.

ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இப்படி இரண்டு சொல்லாக வருபவை எல்லாவற்றையும் வெட்டிவிட முடியாது. ‘கைது செய்தனர்’ என்பது சட்டப் பொருள் உள்ள சொல். அதைப் ‘பிடித்தனர்’ என்று மாற்றினால் பொருள் மாறிவிடும். பிடிபட்டவர் எல்லாரும் கைதானவர் அல்லர். சுருக்கினால் பொருள் கெடாது என்றால் சுருக்குங்கள். கெடும் என்றால் விட்டுவிடுங்கள்.

வினைகள் எங்கே கிடைக்கும்?

“நல்ல வினைச்சொல்லுக்கு நாங்கள் எங்கே போவது?” என்று மாணவர்கள் கேட்பார்கள். அகராதிக்குப் போகலாம், தவறில்லை. ஆனால் அதைவிடப் பக்கத்தில் மூன்று இடங்கள் இருக்கின்றன.

முதல் இடம் நம் வீட்டு அடுப்படி. அம்மா சமையல் ‘செய்வதில்லை’. கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அரிசியைக் களைகிறார். கீரையை ஆய்கிறார். வெங்காயத்தை நறுக்குகிறார், தேங்காயைத் துருவுகிறார், மிளகைப் பொடிக்கிறார், புளியைக் கரைக்கிறார். கத்தரிக்காயை வதக்குகிறார், கடலையை வறுக்கிறார், அப்பளத்தைப் பொரிக்கிறார், பருப்பைக் கடைகிறார். கடைசியில் கடுகு தாளிக்கிறார். வதக்குவதும் வறுப்பதும் பொரிப்பதும் நெருப்பின் மேல் நடப்பவைதான். ஆனால் எண்ணெய் எவ்வளவு, சூடு எவ்வளவு, நேரம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ‘வறு’ என்ற இடத்தில் ‘வதக்கு’ என்று எழுதினால் வாசகரின் மூக்குக்கே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது இடம் தெருமுனைச் சாப்பாட்டுக் கடை. ரொட்டி சானாய் போடுகிறவரைப் பாருங்கள். மாவைப் பிசைகிறார், உருட்டுகிறார், தட்டுகிறார், விசிறுகிறார், மடிக்கிறார், சுடுகிறார். சுட்ட பிறகு இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கிறார். பக்கத்தில் ஒருவர் தே தாரிக் ஆற்றுகிறார். மலாயில் ‘தாரிக்’ என்றால் இழு என்று பொருள். அந்தப் பானத்தின் பெயரிலேயே ஒரு வினை நுரைத்துக்கொண்டிருக்கிறது. நம் தமிழில் அதற்கு ‘ஆற்று’ என்ற சொல் இருக்கிறது. சூட்டைக் குறைக்கும் அந்தச் செயலுக்கு எவ்வளவு பொருத்தமான சொல்! மலாய் மொழி கையின் அசைவைப் பார்த்துப் பெயர் வைத்தது. தமிழ் தேநீருக்கு என்ன ஆகிறது என்பதைப் பார்த்துச் சொன்னது.

மூன்றாவது இடம் நம் தாத்தா பாட்டியின் நினைவு. தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களிடம் பேசிப் பாருங்கள். பால்மரம் ‘வெட்டுவது’ என்றும் சொல்வார்கள். ஆனால் உளி பட்டையின் மேல் ஓடுகிற அந்த நுணுக்கத்துக்குச் ‘சீவு’ என்ற சொல்தான் சரியாகப் பொருந்தும். மெல்லிய சுருளாகப் பட்டையைச் சீவி எடுத்தால் பால் வடியும். ஆழமாக இறக்கிவிட்டால் மரம் காயப்பட்டுவிடும். பிறகு அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. பொழுது விடியும் முன்பே சீவினார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். மங்கைத் துடைத்தார்கள், பட்டையில் காய்ந்து ஒட்டிய பாலை உரித்தார்கள், வாளியில் பாலை ஊற்றினார்கள், காண்டாவில் மாட்டித் தோளில் சுமந்தார்கள். செம்பனைக்கு மாறிய பிறகு குலையை அறுத்தார்கள், மட்டையை அடுக்கினார்கள், உதிர்ந்த பழத்தைப் பொறுக்கினார்கள்.

“என் பாட்டி தோட்டத்தில் வேலை செய்தார்” என்று பேரப்பிள்ளைகள் கட்டுரை எழுதுகிறார்கள். ‘வேலை செய்தார்’ என்ற இடத்தில் ‘சீவினார், துடைத்தார், சுமந்தார், பொறுக்கினார்’ என்று எழுதிப் பாருங்கள். அந்த அம்மாவின் முதுகும் தோளும் கையும் கண்ணுக்குத் தெரியும். இந்தச் சொற்களை அறிந்த தலைமுறை நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறது. அவர்கள் போகும்போது சொற்களும் போய்விடும். இந்தப் பள்ளி விடுமுறையிலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

யார் செய்தது?

இப்போது நான் சொல்லப்போவது இன்னும் முக்கியமானது. வினைச்சொல் அழகுக்கு மட்டும் அல்ல. நியாயத்துக்கும் அதுதான் சாட்சி.

தமிழில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். திரும்பினான், திருப்பினான். ஓடினான், ஓட்டினான். அடங்கினர், அடக்கினர். ஓரிரு எழுத்துதான் மாறுகிறது. ஆனால் அதோடு பொறுப்பும் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்கு மாறிவிடுகிறது. ‘தொழிலாளர்கள் வெளியேறினர்’ என்றால் அவர்களாகவே போனார்கள். ‘தொழிலாளர்களை வெளியேற்றினர்’ என்றால் யாரோ போக வைத்தார்கள். ஒரே ஓர் எழுத்தின் இடைவெளியில் ஒரு வரலாறே திசை மாறிவிடுகிறது.

1950களிலும் 1960களிலும் நம் நாட்டில் பெரிய ரப்பர் தோட்டங்களை அவற்றின் முதலாளிகள் விற்றார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். பல தொழிலாளர்கள் வேலையையும் குடியிருந்த வீட்டையும் ஒரே நாளில் இழந்தார்கள். அந்த நிகழ்வுக்கு நம் மக்கள் வைத்த பெயர் ‘தோட்டத் துண்டாடல்’. நில உடைமை மாற்றம் என்று அவர்கள் சொல்லவில்லை. மறுசீரமைப்பு என்றும் சொல்லவில்லை. ‘துண்டாடு’ என்ற வினையில் கத்தியின் கூர்மை இருக்கிறது. கத்தியைப் பிடித்த கை இருக்கிறது. துண்டான பொருளின் வலியும் இருக்கிறது. அந்தக் கொடுமைக்குப் பதிலாகத்தான் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதே அதன் நோக்கம். துண்டாடியதற்கு எதிராகத் திரட்டினார்கள். இரண்டு வினைகளை அடுத்தடுத்து வைத்தாலே அந்தக் காலத்தின் கதை முழுவதும் வந்துவிடுகிறது.

இன்னொன்று சயாம் மரண ரயில். ஜப்பானியர் ஆட்சியில், 1942லும் 1943லும், சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்கள் ஏராளம். சில குறிப்புகளில் அவர்கள் ‘வேலைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர்’ என்று இருக்கும். நம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள் தெரியுமா? “சயாமுக்குப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க” என்பார்கள். ‘அழைத்தார்கள்’ என்பதற்கும் ‘பிடித்தார்கள்’ என்பதற்கும் நடுவில் எத்தனை குடும்பங்களின் கண்ணீர் இருக்கிறது! எழுத்தறியாதவர்கள் என்று நாம் நினைத்த அந்தப் பெரியவர்கள் சரியான வினையைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள். அதை அவர்கள் மாற்றிக்கொள்ளவும் இல்லை.

எனவே ‘படு’ என்று முடியும் வாக்கியத்தை எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி கேளுங்கள். யார் செய்தது? ‘மரங்கள் வெட்டப்பட்டன.’ யார் வெட்டினார்கள்? ‘கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.’ யார் நிராகரித்தார்கள்? பதில் தெரிந்தால் அதை வாக்கியத்துக்குள் கொண்டுவாருங்கள். ‘நேற்றிரவு கடை உடைக்கப்பட்டது’ என்பதுபோல, செய்தவர் யாரென்று உண்மையிலேயே தெரியாத இடத்தில் ‘படு’ தாராளமாக இருக்கட்டும். தெரிந்தும் மறைப்பதற்குத்தான் அது உதவக் கூடாது.

உரத்த சொல் வேறு, உறுதியான சொல் வேறு

இவ்வளவு நேரம் பேசியதைக் கேட்டுவிட்டு, நாளைக்கே யாராவது ‘சீறினார், பாய்ந்தார், கொந்தளித்தார், வெளுத்து வாங்கினார்’ என்று எழுதத் தொடங்கினால் நான் பொறுப்பல்ல! தலைப்புச் செய்திகளில் இவை நாள்தோறும் வந்து வந்து தேய்ந்துவிட்டன. ஒரு தலைவர் சாதாரணமாகக் கேள்வி கேட்டிருப்பார். நாம் ‘சீறினார்’ என்று போடுவோம். மறுநாள் உண்மையாகவே ஒருவர் சீறும்போது நம்மிடம் சொல் மிச்சம் இருக்காது.

செய்தியில் ‘கூறினார்’ என்ற சொல் எளிமையானது. வாசகர் அதைக் கவனிக்காமலேயே கடந்து போய்விடுவார். அதுதான் அதன் நன்மை. ஆனால் அதற்குப் பதிலாக ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதுகிறோம். ஒருவர் தவறு செய்திருந்தால்தான் ஒப்புக்கொள்ள முடியும். ‘மழுப்பினார்’ என்று எழுதுகிறோம். அவர் பொய் சொல்கிறார் என்று நாமே தீர்ப்பு எழுதிவிட்டோம். ஓர் இளைஞன் பேருந்தைப் பிடிக்க ஓடியிருப்பான். ‘தப்பி ஓடினான்’ என்று எழுதிவிட்டால் அவன் குற்றவாளி. அவனுடைய அம்மாவும் அந்தப் பத்திரிகையைப் படிப்பார். ஆகவே பலமான வினை என்றால் சத்தமான வினை என்று பொருளல்ல. நடந்ததற்கு அளவெடுத்துத் தைத்த வினை என்று பொருள். ஒரு சொல்லைச் சொல்லும்போது, அதை வெல்லக்கூடிய வேறொரு சொல் இல்லை என்று தெரிந்து சொல்ல வேண்டும் என்ற கருத்தைத் திருவள்ளுவர் சொல்வன்மை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அவர் கேட்டது பொருத்தத்தை.

பள்ளிக் கட்டுரைகளிலும் இதே கதைதான். ஆதவன் தன் செங்கதிர்களைப் பரப்பாமல் நம் பிள்ளைகளின் கட்டுரையில் பொழுதே விடிவதில்லை! சிறுவன் சிட்டாய்ப் பறக்காமல் கடைக்குப் போவதில்லை. மரபுத்தொடரும் இரட்டைக்கிளவியும் நம் சொத்துதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பட்டியலை மனப்பாடம் செய்து எழுதினால், நாற்பது கட்டுரையும் ஒரே பிள்ளை எழுதியது போலத்தான் இருக்கும். அடைமொழியையும் அலங்காரத்தையும் குறைத்துவிட்டு, பிள்ளை தன் கண்ணால் பார்த்த வினையை எழுதச் சொல்லுங்கள். ‘மெதுவாகப் பேசினாள்’ என்ற இடத்தில் அவள் முணுமுணுத்தாளா, கிசுகிசுத்தாளா? ‘மிகவும் அழுதாள்’ என்ற இடத்தில் விம்மினாளா, தேம்பினாளா, கதறினாளா? ‘தாத்தா மெதுவாக நடந்தார்’ என்றால் உலாவினாரா, தள்ளாடினாரா, நொண்டினாரா? உலாவுகிற தாத்தாவுக்கு மாலைக் காற்று போதும். தள்ளாடுகிற தாத்தாவுக்கு ஒரு கை வேண்டும். எந்தத் தாத்தா என்பதை அந்த வினை ஒன்றே சொல்லிவிடுகிறது.

தமிழுக்கு இன்னொரு செல்வம் துணைவினை. ‘கண்ணாடி உடைந்தது’, ‘உடைந்துபோனது’, ‘உடைத்துவிட்டான்’, ‘உடைத்துப் போட்டான்’, ‘உடைத்துத் தொலைத்தான்’. கண்ணாடி ஒன்றுதான். முதலில் வெறும் செய்தி, அடுத்ததில் வருத்தம், அதற்கடுத்ததில் குற்றச்சாட்டு, பிறகு அலட்சியம், கடைசியில் சொல்கிறவரின் எரிச்சல். இவ்வளவையும் ஒரு சிறு சொல்லை ஒட்டி வைத்தே நம்மால் சொல்ல முடிகிறது. இந்த வசதி கையில் இருக்கும்போது ‘மிகவும் வருத்தத்துடன்’, ‘மிகுந்த கோபத்துடன்’ என்றெல்லாம் நீட்டி முழக்க வேண்டிய அவசியம் என்ன?

மூன்று பயிற்சிகள்

பேசிவிட்டுச் சும்மா போகக் கூடாது. எழுதிப் பழகும் மாணவர்களும், ஆலயம், சங்கம் ஆகியவற்றின் அறிக்கை எழுதும் செயலாளர்களும் செய்து பார்க்க மூன்று சிறு பயிற்சிகளைத் தருகிறேன்.

முதலாவது, நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘செய்’, ‘மேற்கொள்’, ‘நடத்து’, ‘ஏற்படு’, ‘காணப்படு’ என்ற ஐந்தும் எங்கெங்கே வருகின்றன என்று சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் முன்னால் உள்ள பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அதற்குள் ஒரு வினை ஒளிந்திருக்கும். அதை வெளியே இழுத்துவிடுங்கள். பக்கம் சுருங்கும், பொருள் தெளியும்.

இரண்டாவது, ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் யாராவது வேலை செய்வதைப் பார்த்து, வினைகளை மட்டும் எழுதுங்கள். பூக்கட்டுபவர், தையல்காரர், மீன் கடைக்காரர், கார் பழுது பார்ப்பவர், யாராக இருந்தாலும் சரி. பெயர் தெரியாத வினை வந்தால் அவரிடமே கேளுங்கள். மகிழ்ச்சியோடு சொல்வார்கள். தன் வேலையை ஒருவர் கூர்ந்து பார்க்கிறார் என்பதே அவர்களுக்குப் பெருமை.

மூன்றாவது, எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். தொலைக்காட்சியில் எங்களுக்கு இது தொழில் பாடம். மூச்சு எங்கே முட்டுகிறதோ, நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அங்கே பெரும்பாலும் ஒரு ‘மேற்கொள்ளப்பட்டு வருவதாகத் தெரிவிக்கப்பட்டுள்ளது’ படுத்துக்கொண்டிருக்கும். நீங்களே சிரித்துவிட்டு வெட்டிவிடுவீர்கள்.

சங்க அறிக்கையில் என்ன பெரிய இழப்பு வந்துவிடப் போகிறது என்று சிலர் நினைக்கலாம். பள்ளிக்குக் கட்டடம் கேட்டு எழுதும் மனு, இடுகாட்டு நிலத்துக்காக எழுதும் கடிதம், வீடு கேட்கும் விண்ணப்பம் எல்லாமே எழுத்துதான். ‘சிரமங்கள் எதிர்நோக்கப்படுகின்றன’ என்று எழுதினால் அதைப் படிக்கும் அதிகாரி அடுத்த தாளைப் புரட்டுவார். ‘மழை பெய்தால் கூரை ஒழுகுகிறது. பிள்ளைகள் மேசையை இழுத்துக்கொண்டு மூலைக்கு நகர்கிறார்கள். நனைந்த புத்தகத்தை வெயிலில் காய வைக்கிறார்கள்’ என்று எழுதிப் பாருங்கள். அவர் அந்தத் தாளில் கொஞ்ச நேரம் நிற்பார். மனுவை மலாயில் எழுதினாலும் இதே முறைதான். முதலில் தமிழில் சரியாகப் பார்த்தவருக்கு எந்த மொழியிலும் சரியாகச் சொல்ல வரும்.

நாளைக் காலை உங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரும். முதல் பக்கத்தில் ஒரே ஒரு செய்தியை எடுத்து, அதில் உள்ள வினைகளைப் பிள்ளைகளோடு சேர்ந்து எண்ணுங்கள். எது வேலை செய்கிறது, எது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அவர்களையே கேளுங்கள். பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படியே எங்கள் செய்தியறிக்கையையும் பரிசோதியுங்கள். தவறு இருந்தால் எழுதித் தெரிவியுங்கள், திருத்திக்கொள்கிறோம்.